பின்பக்கம் தாழாத கார்

என் புருஷன் ஹார்ட்விக் மற்றவர்களின் காரில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கினவன். மேற்கு பெர்லினில், வண்டிகளைச் சோதித்துத் தகுதி முத்திரை போடும் நிலையத்தில் வேலை. சைலன்சரில் குண்டூசி நுழையும் ஓட்டை இருந்தாலும் முத்திரை கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது. தன் மேலதிகாரியின் காரையே ஒருமுறை திருப்பி அனுப்பியவன். "புகை ஆள் பாத்து வராது" என்பான். நான் செருப்புக்கடையில் நாள் முழுக்கக் குனிந்து ஊரார் காலுக்கு ஷூ மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேஜையில் இந்த உபதேசம் வேறு.

அப்படிப்பட்டவன் 1973 செப்டம்பரில் ஒரு சாயங்காலம் கப்பல் மாதிரி ஒரு காரைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு முற்றத்தில் நிறுத்தினான். கருநீலம். முன்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிற வெள்ளி முகப்பு. உள்ளே வால்நட் மரப் பலகையும் தோல் இருக்கையும். மதுபானத் தொழிற்சாலை இயக்குநர் ஒருவர் ஆறு வருஷம் பின் சீட்டில் உட்கார்ந்து தேய்த்த கார்.

"யார் செத்தாங்க? சவ ஊர்வலத்துக்கா வாங்கின?" என்று கேட்டேன்.

"டிக்கியில ஏறி உக்காரு" என்றான்.

"என்ன?"

"ஏறு, இர்மேலா. ஒரு நிமிஷம். சொல்றதைக் கேளு."

ஏறினேன். பின்பக்கம் இரண்டு விரல் தாழ்ந்தது. அவன் என்ஜினை ஓடவிட்டு, முட்டி போட்டு, சக்கரத்துக்கு மேலே அடிக்கோலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கார் மெதுவாக என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பழைய உயரத்துக்கு வந்து நின்றது. இறங்கினேன். ஒரு விரல் எழும்பியது. பிறகு 'உஸ்' என்று காற்றை விட்டுவிட்டு மறுபடி அதே உயரம். ஹார்ட்விக் என்னை நிமிர்ந்து பார்த்தான். அப்படி ஒரு சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட அவன் முகத்தில் நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இது மார்லீஸுக்காக.

மார்லீஸ் அவனுடைய தங்கை. அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள். பெர்லினுக்கு நடுவே சுவர் எழும்பிய வருஷம் அவளுக்குப் பதினைந்து வயது. பள்ளி விடுமுறைக்குக் கிழக்குப் பக்கம் மாக்டபுர்க்கில் இருந்த அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். ரயில் ஏற்றிவிட்டவன் ஹார்ட்விக். "இன்னும் ஒரு வாரம் இருந்துட்டு வா, இங்க ஒரே வெயில்" என்று எழுதினவனும் அவன்தான். அந்த ஒரு வாரத்துக்குள் முள்கம்பி வந்தது, பிறகு சுவர் வந்தது, தங்கை அந்தப் பக்கத்திலேயே வளர்ந்தாள். அத்தையும் செத்துப்போனாள். விண்ணப்பம் போட்டுப் போட்டு எல்லாம் திரும்பி வந்தது. பன்னிரண்டு வருஷம் அவன் ஒரு தடவைகூட முழுசாகச் சிரித்ததில்லை, கடைசி நொடியில் எதையோ நினைத்துக்கொண்டு நிறுத்திவிடுவான். மார்லீஸ் வீடு திரும்பினால்தான் எனக்கு ஒரு முழுப் புருஷன் கிடைப்பான் என்று நான் நம்பினேன். என் சுயநலத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

மேற்கு பெர்லினைச் சுற்றிலும் அந்தப் பக்கத்து நாடுதான்; எங்கள் மேற்கு நாட்டுக்குப் போக அவர்களின் நெடுஞ்சாலை வழியாகத்தான் போயாக வேண்டும். அதற்கு முந்தின வருஷம் இரண்டு பக்கமும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, சந்தேகம் வந்தால் மட்டுமே காவலர்கள் டிக்கியைத் திறக்கலாம் என்று ஆகியிருந்தது. சந்தேகத்துக்கு அவர்கள் வைத்திருந்த அளவுகோல் ரொம்ப எளிது. காரின் பின்பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு மனுஷன் டிக்கியில் படுத்தால் எந்த ஸ்பிரிங்கும் அமுங்கும். எத்தனையோ பேர் அந்த இரண்டு விரல் தாழ்வில் மாட்டிச் சிறைக்குப் போனார்கள்.

"இதுல எஃகு ஸ்பிரிங்கே கிடையாது" என்று சாப்பிடும்போது ஹார்ட்விக் ஆரம்பிப்பான். "ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேல ஒரு ரப்பர் பை. உள்ள காத்து. என்ஜின் ஓடுறப்ப காத்தை அமுக்கி ஒரு தொட்டியில ரொப்பும். பின்னால கனம் ஏறினா ஒரு கம்பி அசையும், வால்வு திறக்கும், பைக்குள்ள காத்து போகும். கனம் இறங்கினா வெளிய விட்டுரும். யாரும் சொல்ல வேணாம், அதுவே பாத்துக்கும்."

"உன்னைவிடப் புத்திசாலி. அதையே கட்டியிருக்கலாம் நான்."

"சிரிக்காத. போர் முடிஞ்சப்ப இந்தக் காரைச் செஞ்ச தொழிற்சாலைல கூரையே இல்ல. செங்கல்லைக் கையால அள்ளிக் கொட்டினாங்க. சட்டியும் சைக்கிளும் ரிப்பேர் பண்ணிப் பொழச்சவங்க இருபது வருஷத்துல இதைச் செஞ்சிருக்காங்க. பின் சீட்டுக்காரர் கால் நீட்டணும்னு வண்டி உடம்பையே ஒரு சாண் வெட்டி நீட்டியிருக்காங்க. மந்திரிக்குக் காபி சிந்தக்கூடாதுன்னு காத்து ஸ்பிரிங். எதுக்குச் செஞ்சாங்களோ, மார்லீஸுக்கு உதவட்டுமே."

எங்கள் ஆட்களுக்கு உள்ள வியாதி இது. கடவுளைக்கூட ஆதாரம் கேட்பார்கள், நன்றாகச் செய்த யந்திரத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள்.

ஆனால் ஹார்ட்விக் கண்ணை மூடிக்கொண்டு எதையும் செய்யவில்லை, பாவம். ரப்பர் பைகள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினான். சைலன்சரும் புகைக்குழாயும் புத்தம் புதிது. ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியில் கம்பளி விரித்தான். மூச்சுக்குக் காற்று வேண்டுமே என்று டிக்கியின் தரையில் துளை போட்டான், சல்லடை மாதிரி. ஒவ்வொரு துளையின் ஓரத்தையும் அரம் வைத்துத் தேய்த்து, துருப்பிடிக்காமல் வண்ணம் பூசினான். வேறு யாராவது தன் காரின் தரையில் ஓட்டை போட்டுக்கொண்டு அவனிடம் முத்திரை கேட்டு வந்திருந்தால் நிலையத்தை விட்டே துரத்தியிருப்பான்.

அடுத்தது சோதனை. தங்கையின் கனத்துக்கு உருளைக்கிழங்கு மூட்டை வாங்கி டிக்கியில் ஏற்றினான். என்ஜினை அணைத்துவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க முற்றத்தில் நிறுத்திவைத்தான். மணிக்கொரு தரம் அடிக்கோலோடு வெளியே போவான். கார் துளிகூடத் தாழவில்லை. மூட்டையோடு நகரத்தை இரண்டு சுற்று சுற்றினான். சுவரோரத் தெருவில் குண்டும் குழியும் பார்த்து ஏற்றி இறக்கினான். எல்லாம் சரி. பிறகு ஒரு மாதம் நாங்கள் அந்த உருளைக்கிழங்கைத்தான் தின்றோம்.

அக்டோபரில் அத்தையின் கல்லறைக்குப் பூ வைக்க என்று அனுமதி வாங்கி நான் மட்டும் மாக்டபுர்க் போனேன். மார்லீஸை அப்போதுதான் முதல் தடவை நேரில் பார்த்தேன். ஹார்ட்விக்கின் அதே பெரிய காது. மருத்துவமனைச் சமையலறையில் வேலை, கையெல்லாம் வெங்காய வாசனை. எல்பே ஆற்றங்கரையில் நடந்துகொண்டே திட்டத்தைச் சொன்னேன். யாரும் பக்கத்தில் இல்லை என்றாலும் மெதுவாகவே பேசினோம்.

"அவன் எப்படிங்க இருக்கான்? இன்னும் நகத்தைக் கடிக்கிறானா?"

"இப்ப என்னைக் கடிக்கிறான். நீ வந்தா விடுவான்."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "பணக்காரன் கார்ல டிக்கிலதானா எனக்கு இடம்?"

"எல்லை தாண்டினதும் பின் சீட்டு உனக்கு. மந்திரி சீட்டு. காலை நீட்டிக்கோ."

"நெசமா? நான் வழியில தூங்கிருவேன், சொல்லிட்டேன். காலை வேலைக்கு நாலு மணிக்கே எந்திரிச்சுப் பழகிட்டேன், உக்காந்தாத் தூக்கம் வரும்."

ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் பின் சீட்டுச் சாய்மானத்தில் ஒருமுறை தட்டினால் அவள் இரண்டு முறை தட்ட வேண்டும், நலம் என்று அர்த்தம். எல்லையில் வரிசையில் நுழைந்த பிறகு யாரும் தட்டக் கூடாது. உயிரே போனாலும் சத்தம் வரக் கூடாது என்று நான் சொன்னேன். அந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன். வழக்கமாகச் சொல்கிறதுதானே.

அரபு நாடுகள் எண்ணெயைக் குறைத்த வருஷம் அது. ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டக் கூடாதென்று எங்கள் அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. அதனால் சனிக்கிழமையே எல்லோரும் ஊர் போய்ச் சேர அடித்துப் பிடித்துக் கிளம்பினார்கள். கூட்டத்தில் நாம் ஒரு ஆளாகத் தெரியமாட்டோம் என்று ஹார்ட்விக் டிசம்பர் முதல் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தான். முன்பே பேசிவைத்திருந்தபடி ஒரு வாழ்த்து அட்டையில் மறைத்து மார்லீஸுக்குத் தேதியை எழுதினேன். பிரவுன்ஷ்வைக்கில் என் சித்தப்பாவைப் பார்க்கப் போகிறோம் என்பது கதை. மடியில் அவருக்கென்று ஒரு கிறிஸ்துமஸ் கேக்.

புர்க் ஊரைத் தாண்டி, பைன் காட்டுக்குள் ஒதுங்கிய ஒரு நிறுத்தம். மத்தியானம். எங்களைத் தவிர யாரும் இல்லை. மார்லீஸ் மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தாள், பழுப்பு நிறக் கோட்டு, கையில் ஒன்றுமில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து அண்ணனும் தங்கையும் பார்க்கிறார்கள். கட்டிப்பிடிக்க நேரமில்லை. அவன் அவள் தலையில் கையை வைத்து டிக்கிக்குள் அமுக்கினான், குழந்தையைக் குளிப்பாட்டும்போது குனியவைக்கிற மாதிரி.

"காது இன்னும் பெருசாயிருச்சு உனக்கு" என்றாள் மார்லீஸ்.

"உனக்கும்தான்" என்றான். மூடியை மூடினான். அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

சாலைக்கு வந்ததும் கார் சமமாகிவிட்டது. நான் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை தட்டினேன். இரண்டு தட்டு வந்தது. மாக்டபுர்க்கைத் தாண்டியதும் தட்டினேன். இரண்டு தட்டு, கொஞ்சம் தாளத்தோடு. ஹார்ட்விக் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். முழுச் சிரிப்பு.

மரியன்பார்ன் எல்லைச் சாவடிக்கு நெடுந்தூரம் முன்பே வரிசை ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அங்கே ஒரு பழக்கம் உண்டு. வரிசையில் யாரும் என்ஜினை ஓடவிடமாட்டார்கள். அணைத்துவிட்டு இறங்கி, முன்னால் இடம் விழ விழக் காரைக் கையால் தள்ளுவார்கள். பெட்ரோல் மிச்சம், புகையும் இல்லை. அந்த வருஷம் எண்ணெய்ப் பஞ்சத்தில் அது ஒரு விரதம் மாதிரியே ஆகிவிட்டது. ஆண், பெண், கம்பளிக் குல்லாய் போட்ட பிள்ளைகள் என்று ஊரே கார் தள்ளுகிறது. ஹார்ட்விக் இதையும் யோசித்துத்தான் திட்டம் போட்டிருந்தான். நிற்கும்போது என்ஜின் ஓடாது, கார் ஓடும்போது எதிர்காற்று புகையைப் பின்னால் அடித்துக்கொண்டு போகும், ஆகவே துளைகளால் ஆபத்தில்லை.

நாங்களும் இறங்கித் தள்ளினோம். கார் யானைக் கனம்.

எங்களுக்குப் பின்னால் ஒரு குட்டிக் கார். பின் கண்ணாடியோரம் கழிப்பறைக் காகித உருளைக்குக் குரோஷாவில் பின்னிய தொப்பி போட்டு வைத்திருந்தார்கள். தள்ளிக்கொண்டு வந்தவர் தொப்பி வைத்த பெரியவர். உள்ளே அவர் மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"க்ராஃபுண்டர்" என்று தன் பெயரைச் சொன்னார். "ஸ்பாண்டாவுல பள்ளிக்கூடக் காவலாளி. உங்க கப்பலுக்கு மாலுமி பத்தலையே?"

"ஒரு கை குடுங்களேன்" என்றேன்.

"நான் என்னோடதைத் தள்ளுவனா, உங்களோடதையா? பணக்காரங்களுக்கு எப்பவும் இன்னொருத்தன் தள்ளணும்."

குளிர் எலும்பில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் நான்தான் முதலில் கவனித்தேன். ஷூ விற்கிறவளுக்கு ஒரு பக்கம் தாழ்ந்தால் கண்ணில் பட்டுவிடும். பின் சக்கரத்துக்கு மேலே இருந்த இடைவெளி சுருங்கியிருந்தது. ஹார்ட்விக்கின் கையைப் பிடித்துக் காட்டினேன். அவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"உறைபனி" என்றான். "ஏதோ ஒரு வால்வு ரப்பர் குளிர்ல விறைச்சுப்போச்சு. காத்து கசியுது."

"முற்றத்துல தாழவே இல்லையே?"

"முற்றத்துல அக்டோபர் மாசம்."

முன்னால் காவல் கோபுரம். வரிசையோரமாக ஒரு காவலன் நடந்து வந்து வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். ஹார்ட்விக் உள்ளே ஏறி என்ஜினை ஓடவிட்டான். பசு எழுந்திருக்கிற மாதிரி காரின் பின்பக்கம் மெல்ல எழுந்தது.

"அட, உங்க வண்டி எந்திரிக்குதே" என்றார் க்ராஃபுண்டர், நாலு பேர் கேட்க. "எல்சே, பாரேன் இதை."

"காத்து ஸ்பிரிங்" என்றான் ஹார்ட்விக், சாதாரணமாகச் சொல்கிற மாதிரி. காவலன் அந்த நேரம் எங்களுக்கு முதுகு காட்டி நின்றது எங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்தோம்.

நான் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

"இனிமே அணைக்க முடியாது" என்றான் ஹார்ட்விக். "அணைச்சாத் தாழும். மறுபடி போட்டா எழும்பும். அந்தாளு ஒரு தடவை பாத்தாப் போதும்."

"துளை இருக்கே? புகை உள்ள போகாதா?"

"காத்து முன்னாலருந்து அடிக்குது. அந்தக் கொடியைப் பாரு, நம்ம பக்கம் பறக்குது. புகை எல்லாம் பின்னால போயிரும். குழாய் வாயும் பின்னாலதான் இருக்கு."

அவன் சொன்னதற்குச் சாட்சி உடனே வந்து கண்ணாடியைத் தட்டியது. க்ராஃபுண்டர். கண்ணில் தண்ணீர்.

"ஏங்க, உங்க வீட்டுத் தோட்டத்துல எண்ணெய்க் கிணறு இருக்கா? ஊரே தள்ளுது. என்ஜினை அணைங்க."

"என் மனைவிக்குக் குளிருது. ஹீட்டர் வேணும்."

"என் மனைவிக்கு மட்டும் வேர்க்குதா? புகை அத்தனையும் எங்க மூஞ்சிலதான் வருது. கொல்லப் பாக்குறீங்களா எங்களை?"

"தள்ளிப் போய் நில்லுங்க" என்றான் ஹார்ட்விக்.

"இந்த மாதிரி கார்ல ஏறினாலே மனுஷத்தனம் போயிரும் போல" என்று அந்தப் பெரியவர் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வரிசையில் ஒருத்தி "வெட்கமா இல்ல?" என்றாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் நிம்மதி. புகை அவர் முகத்துக்குப் போகிறதே, அப்படியானால் மார்லீஸுக்குப் போகவில்லை.

வரிசை ஒரு வளைவில் திரும்பியது. பிறகு கொஞ்ச நேரத்தில் க்ராஃபுண்டரின் வசவு நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன், அமைதியாகத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒருமுறை தொப்பியைத் தொட்டுத் தலையைக்கூட அசைத்தார். பாவம், சண்டை போட்டு அலுத்துவிட்டார் என்று நினைத்தேன். சாவடிக் கூரை மேலிருந்த கொடி இப்போது அந்தப் பக்கமாக, எங்களைவிட்டு விலகிப் பறந்துகொண்டிருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். அது எதைச் சொல்கிறது என்று அந்த நேரம் என் மண்டையில் ஏறவில்லை. பக்கத்தில் புகை சோதித்தே சம்பளம் வாங்குகிறவன் உட்கார்ந்திருந்தான், அவனுக்கும் ஏறவில்லை. அவன் கண்ணெல்லாம் காவலன் மேலேயே இருந்தது.

எங்கள் முறை வந்தது. காவலன் இளைஞன், சாக்சனி வட்டார இழுப்பில் பேசினான். அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு காரைச் சுற்றி வந்தான். பின்பக்கம் நின்றான். குனிந்து சக்கர இடைவெளியைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் பின் மூடியை அமுக்கினான்.

அமுங்கிய கார் மெல்ல எழுந்து சமமாக நின்றது.

"நல்ல கார்" என்றான் ஜன்னலுக்கு வந்து. "எங்க நாட்டுல மந்திரிக்குக்கூட இது இல்ல."

"பழசுதாங்க. ஒரு இயக்குநர் வெச்சிருந்தது."

"உங்க பக்கம் பெட்ரோலே இல்லன்னு பத்திரிகைல போட்டிருந்தான். நீங்க நின்ன இடத்துலயே ஊதித் தள்ளுறீங்க."

"மனைவிக்கு உடம்பு சரியில்ல."

அவன் என்னைப் பார்த்தான். நான் கேக்கை மடியில் பிடித்துக்கொண்டு, உடம்பு சரியில்லாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நடிக்க வேண்டியிருக்கவில்லை.

"நாளைக்கு நடந்துதானே போவீங்க" என்றான் காவலன். "இயக்குநர்களும் நடப்பாங்களா?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துக் கையசைத்தான்.

டிக்கியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தும்மல் இல்லை, இருமல் இல்லை. எவ்வளவு கட்டுப்பாடான பெண் என்று நான் உள்ளுக்குள் மெச்சினேன்.

கடைசித் தடையைத் தாண்டி, வெள்ளைக் கோட்டைத் தாண்டி, எங்கள் பக்கத்துச் சுங்கக்காரர்கள் சலிப்போடு கையைக் காட்ட, ஹெல்ம்ஸ்டெட் பலகை வந்தது. ஹார்ட்விக் ஸ்டியரிங்கை அடித்து அடித்து அழுதான். "வந்துட்டா. வந்துட்டா பாரு. ஒரு வாரம் இருந்துட்டு வான்னு எழுதினேனே, வந்துட்டா." நான் முன் சீட்டிலிருந்து பின்னால் தாவிப் போய்ச் சாய்மானத்தில் தட்டினேன்.

பதில் இல்லை.

மறுபடி தட்டினேன்.

"தூங்கிருப்பா" என்றான் ஹார்ட்விக். "உக்காந்தாத் தூங்கிருவேன்னு உன்கிட்ட சொன்னாள்ல?"

"ஆமா. சொன்னா."

"இல்லன்னா நம்ம சொன்னதை அப்படியே கேக்குறா. நிறுத்தித் திறக்கிற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டா. சின்னப் பிள்ளையிலருந்து அப்படித்தான்."

முதலில் வந்த நிறுத்தத்தில் ஒதுக்கினான். அவசரத்தில் என்ஜினை அணைக்கவில்லை. டிக்கிச் சாவியைச் சட்டைப் பையில் தேடிக்கொண்டே இறங்கினான். நான் பின் சீட்டின் தூசியைத் தட்டி, கம்பளியை விரித்தேன். மந்திரி சீட்டு.

அப்போது அந்தக் குட்டிக் கார் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. க்ராஃபுண்டர் இறங்கி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். இன்னும் ஒரு பாட்டம் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் சிரித்துக்கொண்டு வந்தார். கையில் இரண்டு ஆப்பிள்.

"கோவிச்சுக்காதீங்க" என்றார் ஹார்ட்விக்கிடம். "குளிர்ல நானும் வாயை விட்டுட்டேன். நன்றி சொல்லலாம்னுதான் நிறுத்தினேன்."

"எதுக்கு நன்றி?"

"அணைச்சீங்களே, அதுக்கு. அந்த வளைவு திரும்பினதுக்கு அப்புறம் புகையே வரல எங்களுக்கு. துளி வாசனைகூட இல்ல. எல்சே சொன்னா, பாருங்க, நல்ல மனுஷன், சொன்னதைக் கேட்டுட்டாருன்னு."

ஹார்ட்விக் டிக்கிச் சாவியை வெளியே எடுத்தான்.

"நான் அணைக்கல" என்றான்.

"அணைக்கலையா? அப்ப புகை எங்க போச்சு?"

பெரியவர் சாதாரணமாகத்தான் கேட்டார். கொடி எந்தப் பக்கம் பறந்தது என்பது எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. பின்னாலிருந்து அடித்த காற்று புகையைக் காருக்கு அடியில் தள்ளியிருக்கிறது. அடியில் அவன் அரம் வைத்துத் தேய்த்த துளைகள் இருந்தன. அத்தனை நேரமும், அந்த வரிசை முழுக்க, பெரியவருக்கு வராத புகை மார்லீஸுக்குப் போயிருக்கிறது.

அவன் கையிலிருந்த சாவியை நான் பிடுங்கி டிக்கியைத் திறந்தேன்.

கம்பளிமேல் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்திருந்தாள். கன்னம் இரண்டும் நன்றாகச் சிவந்திருந்தது, பனியில் ஓடி விளையாடிவிட்டு வந்த பிள்ளைக்குச் சிவக்குமே, அப்படி. அதைப் பார்த்து ஒரு மூச்சு விடுகிற நேரம் நான் சந்தோஷப்பட்டேன்; புகை விஷம் ஏறினாலும் அப்படித்தான் சிவக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு மூச்சை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கை முஷ்டி சாய்மானத்தின் பக்கம் இருந்தது. தட்டினாளா, தட்டாமல் அடக்கிக்கொண்டாளா என்று எனக்குத் தெரியாது.

"மார்லீஸ்" என்றான் ஹார்ட்விக். "மார்லீஸ், வந்துட்டோம். எந்திரி."

"சோதிச்சுப் பாத்தேனே" என்று என்னிடம் திரும்பிச் சொன்னான். "எல்லாத்தையும் சோதிச்சேன் இர்மேலா. நீ பாத்தியே. மூட்டை வெச்சு சோதிச்சேனே."

உருளைக்கிழங்கு மூச்சுவிடாது ஹார்ட்விக் என்று நான் சொல்லவில்லை. நினைத்தேன். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்திருந்த வருஷங்கள் முழுக்க ஒவ்வொரு நாளும் நினைத்தேன், ஒரு நாளும் சொல்லவில்லை. அவனுக்கும் அது கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

க்ராஃபுண்டர் ஆப்பிளைக் கீழே போட்டுவிட்டு வந்து அவள் காலைப் பிடித்தார். நானும் ஹார்ட்விக்கும் தோளைப் பிடித்தோம். மூவருமாக வெளியே எடுத்துப் புல்லில் கிடத்தினோம். அவர் மனைவி தன் கோட்டைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தாள். ஹார்ட்விக் தங்கையின் வாயில் வாய் வைத்து ஊதினான், நெஞ்சை அமுக்கினான், மறுபடி ஊதினான்.

எங்களுக்குப் பின்னால் கார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கனம் போனதும் பின்பக்கம் லேசாக எழும்பியிருந்தது. பிறகு 'உஸ்' என்று காற்றை விட்டது. ஒரு விரல் தாழ்ந்து, சரியான உயரத்துக்கு வந்து நின்றது. யாருமே அதில் வரவில்லை என்பது போல இருந்தது.

ஹார்ட்விக் ஊதுவதை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தைத் திரும்பிப் பார்த்தான்.

க்ராஃபுண்டர் எழுந்து போய், திறந்திருந்த முன் கதவு வழியாகக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார்.

"அணைச்சிட்டேன்" என்றார்.